படிச்ச சாமியின் கடுதாசிகள்

பிரிஸ்கில்லா அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி, "எழுதுறதுன்னா அவிய உங்களத் திட்டுனதையும் சேத்து எழுதுங்க" என்றாள். சேர்த்தே எழுதுகிறேன். மறைக்க முடியாத அளவுக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

என் பெயர் நவநீதகிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே பழைய தேவாலயம் ஒன்று. அதன் வளாகத்தில், ஒரு காலத்தில் மிஷன் பள்ளிக்கூடமாக இருந்த ஓட்டுக் கட்டடம். அதன் பின்னறையில்தான் அக்கா உட்கார்ந்திருப்பார். வாசலில் 'ஆவணக் காப்பகம்' என்று ஒரு பலகை. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, பத்திரப்பதிவு ஆபீஸின் கிளை என்று நினைத்து வில்லங்கச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களிடம் அக்கா கோபப்பட மாட்டார், பொறுமையாக வழி சொல்லி அனுப்புவார்.

அவருடைய கோபமெல்லாம் வேறு ஆட்களுக்கு. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள், சட்டைப்பையில் பேனாவோடு உள்ளே வருகிறவர்கள், "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கும்மா" என்று கேட்கிறவர்கள். முதல் நாள் நான் அந்த மேசையில் டீ கிளாஸை வைத்துவிட்டேன். "ஏலே, உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மேலயும் இப்படித்தான் வைப்பியா?" என்று கேட்டு என்னை வெளியே நிற்க வைத்துவிட்டார். எனக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்ட வயதுதான். வெளியே நின்றேன்.

அவர் அறையிலிருந்து ஒரு காகிதம்கூட வாசல்படியைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஆகவே ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் காகிதம் என் கடைக்கு வராது, என் மெஷின்தான் ரோட்டைக் கடந்து அங்கே போகும். இந்த ஊரில் ஸ்கேனரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற ஒரே ஆள் நான்தான்.

அக்கா ராஜபாளையத்தில், மில் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீட்டில் பிறந்தவர். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. அந்த வரிசையில் தடங்கல் இல்லாமல் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தது இந்தச் சிறுமிக்கு மட்டும்தான். பட்டாளத்துக்கும் பம்பாய்க்கும் போன பிள்ளைகள் போடுகிற கடுதாசிகளை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் இவரைத் தேடி வருவார்களாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து வாசிப்பாராம். ஒருநாள் பக்கத்து வீட்டு இருளப்பசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கடுதாசியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இவரும் பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் வாசித்துக்கொண்டே போயிருக்கிறார். மூன்றாவது வரியில் அவருடைய மகன் இறந்துபோயிருந்தான். அந்த மனிதர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த விதத்தைச் சொல்லும்போது அக்காவின் குரல் இன்னமும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கடுதாசியையும் முதலில் மனதுக்குள் வாசிக்காமல் அவர் வெளியே வாசித்ததில்லை.

மதுரையில் பி.ஏ. வரலாறு படித்தார். தேவாலய அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். அப்போதிருந்த குருவானவர், பின்னறையில் கரையான் அரித்துக் கிடக்கிற டிரங்குப் பெட்டிகளைக் கொளுத்திவிடச் சொல்லி இவர் கையில் சாவியைக் கொடுத்தாராம். கொளுத்துவதற்கு முன்னால் ஒரு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிய சாவியை அக்கா இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. குருவானவர்கள் பலர் மாறிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "நீ மெஷினப் பாத்து வேலையச் செய்" என்றார்.

தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சாப்பாட்டுத் தூக்கு, வேப்பிலைக் கட்டு, மூக்குக்கண்ணாடி. கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, பெட்டிகளில் பழைய வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, ஒரு கடுதாசியைப் பிரித்து, மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமாக வாசிக்கத் தொடங்குவார். ஆள் இல்லாத அறையில் பேச்சுக்குரல் கேட்டு எனக்கு ஆரம்பத்தில் பயமாகத்தான் இருந்தது. தனியாக இருந்து இருந்து அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"இதெல்லாம் கண்ணால வாசிக்க எழுதுனது இல்லப்பா" என்றார் அக்கா. "ஒருத்தர் வாசிக்க, நாலு பேர் உக்காந்து கேக்க எழுதுனது. சத்தமா வாசிச்சாத்தான் எழுதுனவன் எங்க மூச்சு விட்டான்னு தெரியும்." ஒவ்வொரு கடுதாசியையும் இப்படி வாய்விட்டு வாசித்த பிறகுதான் அதற்கு எண் போடுவார், உறையில் வைப்பார்.

அப்படி வாசித்தவற்றில் அவர் மனதுக்கு ரொம்பவும் நெருக்கமானவை ராஜரத்தினத்தின் கடுதாசிகள். ராஜரத்தினம் செட்டியார்பட்டிப் பையன், தறிக்காரர் வீட்டு மூத்த மகன். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளின் நடுவில், தெற்கே தாமிரபரணிப் பக்கம் ஒரு மிஷன் கல்லூரியில் எஃப்.ஏ. என்ற இரண்டு வருடப் படிப்புக்குப் போனான். அவன் வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. அதனால் கடுதாசிகளை ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷனில் வேதம் சொல்லிக் கொடுத்த உபதேசியாரின் பெயருக்குப் போடுவான். சந்தை நாளில் அப்பாவும் அம்மாவும் வந்து, இந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, உபதேசியார் வாசிக்கக் கேட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கடுதாசியை அவரிடமே விட்டுவிடுவார்கள். அவை தப்பித்ததற்கு அதுதான் காரணம்.

உபதேசியார் ஒழுங்கான மனிதர். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். 'வாசித்துக் காட்டினேன்.' 'வாசித்தேன், தாய் சிரித்தாள்.' 'வாசித்தேன், தகப்பன் இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னான்.' அக்கா முன்பக்கத்தை வாசித்துவிட்டு, திருப்பி, பின்பக்கத்து வரியையும் வாசிப்பார். நானும் ஸ்கேனரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். வேலை ஓடாது.

போன வருடம், ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாளிதழ்க்காரர் வந்து அறையைப் படம் பிடித்துப் போனார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மாணவர் கடிதங்கள் என்று செய்தி வந்தது. செட்டியார்பட்டி ராஜரத்தினம் என்ற பெயரும் அதில் இருந்தது. அடுத்த வாரம் ஒரு பெண்மணி என் கடை வாசலில் வந்து நின்று, பேப்பரில் வெட்டிய துண்டை நீட்டி, "இது எங்கனக்குள்ள இருக்கு?" என்று கேட்டார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை. பெயர் ஆவுடையம்மாள். கூட வேலை பார்க்கிற பெண் பேப்பரை வாசித்துக் காட்டியிருக்கிறாள். இவருக்கு எழுத்து தெரியாது. நான் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். "டீச்சரம்மா, எங்க சாமி எழுதுன எழுத்து இங்கன இருக்காம்லா?"

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எந்த சாமிம்மா?"

"ராசரத்தினம் சாமி. படிச்ச சாமின்னு சொல்லுவோம். எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டனார் இருக்காவள்ல, அவியளுக்கு அண்ணன். காலேசுல படிக்கயில காலரா கண்டு செத்துப்போனாவ. வாழாமச் செத்த உசுருல்ல, சாமியாயிட்டாவ."

ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அந்தக் குடும்பம் அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து அவருக்குப் படையல் போடுமாம். புது வேட்டி, கருப்பட்டி, புட்டு, பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டை அங்கே வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போகுமாம். எல்லாவற்றையும் ஆசையாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் முகம் மாறியது. வீட்டுக்காரர் மொக்கைச்சாமி பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் கிடக்கிறார். வீட்டில் எதுவும் விளங்கவில்லை. குறி சொல்கிற கோடாங்கியிடம் கேட்டதற்கு, படிச்ச சாமி பெருங்கோபத்தில் இருக்கிறது, அதன் கையெழுத்து வீடு வந்து சேர்ந்தால்தான் ஆறும் என்று சொல்லிவிட்டான்.

"ஒரே ஒரு எழுத்து போதும் டீச்சரம்மா. கண்ணாடி போட்டு மாட்டணும். வார அமாவாசைக்குள்ள வேணும்."

அக்கா கழற்றிய கண்ணாடியை மேசைமேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நவநீதம், அவங்கள டீ குடிக்கக் கூட்டிட்டுப் போ. செத்த நேரம் கழிச்சு வாங்க" என்றார். அவர் குரல் சரியில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஏனென்றும் தெரியும். ராஜரத்தினம் காலராவில் சாகவில்லை. எந்த நோயிலும் சாகவில்லை. கல்லூரியில் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். வீட்டில் அவனைத் தலைமுழுகிவிட்டார்கள்.

தலைமுழுகுவது என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பதுபோல், உயிரோடிருக்கும் பிள்ளைக்காகக் குளித்துவிட்டு வந்து, அந்தப் பெயரை வீட்டில் எடுக்காமல் இருந்துவிடுவது. அப்பாவும் அம்மாவும் உண்மை தெரிந்துதான் முழுகினார்கள். வேட்டி வைத்துப் படைக்கத் தொடங்கியவள் அந்தத் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பார் அக்கா. பேரைச் சொல்லக்கூடாது, சோறு வைக்கத் தடையில்லை. அதைப் பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகள், படையல் போடுகிறார்கள் என்றால் செத்தவர்தானே என்று எடுத்துக்கொண்டார்கள். காலரா எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்க, இங்கே அவரைச் சாமியாக்கிவிட்டார்கள்.

டீக்கடை பெஞ்சில் ஆவுடையம்மாள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

"ஒரு பொண்ணு இருந்துச்சு. தவறிப்போச்சு."

"எப்படிம்மா?"

அவர் கிளாஸைப் பெஞ்சின்மேல் வைத்தார். பிறகு, "நீங்க பாத்திருப்பீகளே. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு செவுத்துலல்லாம் ஒட்டிருந்துச்சே" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பார்த்திருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யோகேஸ்வரி என்ற பெண். சிரித்துக்கொண்டிருக்கும் படம், கீழே 'அகால மரணமடைந்தார்' என்ற வரி. அந்தப் பெண் சாகவில்லை என்பது போஸ்டரை வாசித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்தவள், வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். போஸ்டர் போட்டது அவளுடைய அப்பா. பெற்ற பிள்ளை நல்லபடியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது இப்படி ஒன்றை எழுதிக் கொடுக்கிறவனுக்கும் கூசாது, அடித்துக் கொடுக்கிறவனுக்கும் கூசாது, வாளியில் பசையோடு போய் ஒட்டுகிறவனுக்கும் கூசாது. எனக்கு அன்றைக்கும் கோபம் வந்தது, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் வந்தது. ஆனால் எதிரே இருந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். அக்கா மேசையில் எல்லாக் கடுதாசிகளையும் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். மகள் விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. பழைய கடுதாசி ஒண்ண எடுங்க, பெஞ்சுல உக்காந்தான், சோறு தின்னான்னு வரும்ல, அது. நல்ல தாள்ல கலர் பிரிண்ட் போட்டுத் தாரேன். சந்தோசமா வாங்கிட்டுப் போயிருவாங்க. இதுக்கு மேல நாம வாயத் தொறந்தா வம்பு. மதம் மாத்துனாங்க அது இதுன்னு நாலு பேர் வந்து நிப்பான். உங்க ரூமையே பூட்டிருவாங்க."

"பூட்டட்டும்."

"அந்தம்மாவுக்கு மிச்சம் இருக்கது அந்தச் சாமி ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டா என்ன ஆவாங்க?"

 அக்கா கடைசியாகக் கிடந்த தபால் கார்டுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நானும் அதத்தான் யோசிச்சேன். நீங்க போனதுல இருந்து அதத்தான் யோசிக்கேன். ஆனா இது எனக்கு வந்த கடுதாசி இல்ல நவநீதம். அவங்க வீட்டுக்கு வந்தது. உபதேசியார் ஆள் மேல ஆள் அனுப்பிப் பாத்திருக்கார். வாசிக்கக் கேக்கதுக்கு அந்த வீட்டுல இருந்து ஒருத்தரும் வரல. இன்னைக்குத்தான் ஒரு ஆள் வந்திருக்கு. இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்ப நான் யாரு?"

நான் ஒரு நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டேன்.

அக்கா ஆவுடையம்மாளை உள்ளே கூப்பிட்டு, தன் எதிரே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். "அம்மா, ஒரு எழுத்து இல்ல, நெறைய இருக்கு. ஆனா நீங்க கேள்விப்பட்ட மாதிரி எல்லாம் இருக்காது. மனசுக்குக் கஷ்டமாவும் இருக்கும். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, முதல் கடுதாசியோட நிறுத்திக்கிடலாம். வாசிக்கட்டுமா?"

"சாமி சொன்னது எதுவா இருந்தா என்ன. வாசிங்க."

அக்கா தொடங்கினார். "'மகா கனம் பொருந்திய தகப்பனாரவர்களுக்கு ராஜரத்தினம் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதுவிக்க வேணும். இங்கே எல்லாரும் பெஞ்சியின்மேல் உட்காருகிறார்கள். தறிக்குழியிலே கால் விட்டுப் பழகினபடியால் எனக்குக் கால் தரிக்கவில்லை, மரத்துப்போகிறது. தம்பியைத் தறியில் உட்காரவைத்து அடிக்க வேண்டாம். அம்மாள் என்னை நினைத்துச் சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.'"

ஆவுடையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுக்காரரும் சேருல உக்காந்தா அப்படித்தான் சொல்லுவாவ." கண் நிறைந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். புத்தகம், ஆற்றுக் குளியல், காய்ச்சல், பரீட்சை. ஒவ்வொன்றின் பின்னாலும் உபதேசியாரின் வரி. அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அக்கா நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "'நான் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டேன். ஒருவர் வற்புறுத்திச் செய்ததல்ல, என் மனசு சொன்னபடி செய்தேன். உங்களுக்கு மிகுந்த மனவருத்தமுண்டாகும் என்று அறிவேன். இதனாலே நான் உங்கள் பிள்ளை அல்லாமற் போகிறதில்லை.'" திருப்பினார். "'வாசித்தேன். ஒருவரும் பேசவில்லை. எழுந்து போனார்கள்.'"

 ஆவுடையம்மாள் அசையவில்லை. "பொறவு?" என்றார்.

பிறகு வந்தவையெல்லாம் பதில் கார்டுகள். அந்தக் காலத்தில் புதிதாக வந்தவை. இரண்டு கார்டுகள் ஒட்டினாற்போல் இருக்கும், ஒன்றில் நாம் எழுதி அனுப்பினால் மற்றதில் அவர்கள் பதில் எழுதி, கிழித்துத் தபாலில் போடலாம். ராஜரத்தினம் எழுதிய பாதிகள் எல்லாம் நிறைந்திருந்தன. மற்ற பாதிகள் ஒன்றிலும் ஒரு புள்ளிகூட இல்லை. அக்கா அவற்றைப் பிரித்துக் காட்டினார். "'அம்மாள் கண்வலி எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும்.'" பின்னால், "'ஆள் அனுப்பினேன். வரவில்லை.'" அடுத்தது. "'தம்பிக்குக் கலியாணம் என்று கேள்விப்பட்டேன். நான் வரவில்லை. யாராவது எழுதுங்கள்.'" பின்னால், "'வரவில்லை.'" அடுத்ததன் பின்னால் மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தது. "'சந்தையில் தகப்பனைக் கண்டு சொன்னேன். அப்படி எனக்கு ஒரு மகன் இல்லை, தலைமுழுகியாயிற்று என்றான்.'"

"அப்போ சாமி சாகலியா?"

"இல்லம்மா. வாத்தியாரா இருந்திருக்காங்க. வயசாகி, தலையெல்லாம் நரைச்சு, மதுரைக்கு வடக்க ஒரு ஊர்ல அடக்கம் பண்ணியிருக்காங்க. அந்தப் பதிவையும் நான் பாத்துட்டேன்."

"எங்க வீட்டுல வேட்டி வச்சுக் கும்புடயில அவிய உசுரோட இருந்திருக்காவ."

"ரொம்ப வருசம் இருந்திருக்காங்க."

ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கோபப்படுவார், கத்துவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். "இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்று இருந்தது. அக்கா அதை எனக்கு முன்பே வாசித்துக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு மறுபடி கேட்க எனக்குத் தைரியமில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"'ஆடி அமாவாசைக்கு அய்யனார் கோவில் ஆற்றுக்குக் குளிக்க வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் எதிர்க்கரையில் நிற்பேன். கிட்டே வரமாட்டேன். பேச வேண்டாம். அம்மாள் தலை நிமிர்ந்து ஒருதரம் என்னைப் பார்த்தால் போதும்.'" அக்கா கார்டைத் திருப்பினார். "'வாசிக்கக் கேட்க ஒருவரும் வரவில்லை. அமாவாசைக்கு மறுநாள் அவனே இங்கே வந்தான். கரையில் வெகுநேரம் நின்றானாம். கூட்டம் மிகுதி. தாய் பார்த்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.'"

ஆவுடையம்மாள் கார்டைத் தொடவில்லை. அந்தக் கையெழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்து தெரியாதவர் அப்படி என்ன பார்த்தாரோ, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்த ஆத்துலதான் டீச்சரம்மா நானும் முழுகுனேன்" என்றார். "எம் மகளுக்கு. எங்க வீட்டுக்காரர் முழுகச் சொன்னாவ, முழுகுனேன். தண்ணி அம்புட்டு குளிரா இருந்துச்சு. தலைய நிமிந்துகூடப் பாக்கல. நான் முழுகயில அவ எந்தக் கரையில நின்னாளோ."

அக்கா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார். சத்தம் வெளியே போய், வளாகத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். நான் கதவைச் சாத்தினேன்.  சாத்திய கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாமிக்குக் கோவம் எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் ஆவுடையம்மாள். எந்தக் கடுதாசியை நகல் எடுக்கட்டும் என்று நான் கேட்டேன். காதில் வாங்கவில்லை. இடுப்பில் சொருகியிருந்த துணிப்பையை எடுத்து, அதற்குள் கையை விட்டு, ஒரு டச் போனை எடுத்தார். கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. மகள் விட்டுவிட்டுப் போன போனாம். வேலைக்கு வந்து போக வேண்டும் என்று வைத்திருக்கிறார். அழைப்பு வந்தால் பச்சையைத் தள்ளிப் பேசத் தெரியும், வேறு எதுவும் தெரியாது. ஓசூரிலிருந்து வருகிற அழைப்பை மட்டும் எடுக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"அழைச்சுப் பாத்துட்டு இப்ப எழுத்தா அனுப்புதா. இந்தா, அவ மூஞ்சி சின்னதாத் தெரியுதுல்ல, அதுக்குப் பக்கத்துல. வேலை பாக்குற பிள்ளைகள்ட்ட வாசிக்கச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சுபோயிரும். அவருக்குத் தெரிஞ்சா போனப் புடுங்கிருவாரு. அதனால அப்படியே கெடக்கு." போனை நீட்டினார். "இதையும் வாசிங்க டீச்சரம்மா."

அக்கா வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லாவற்றையும் முதலில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமாக வாசித்தார். முக்கால்வாசி ஒரே கேள்விதான். அம்மா சாப்பிட்டியா. அம்மா சாப்பிட்டியா. நடுநடுவே வேறு செய்திகள். மழை பெய்வதாக ஒன்று. வேலை கிடைத்துவிட்டதாக ஒன்று. அப்பாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதாக, வந்து பார்க்கலாமா என்று ஒன்று. ஒவ்வொன்றையும் அக்கா அந்தப் பழைய கடுதாசிகளை வாசித்த அதே குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மேலே போகப் போகப் பழைய செய்திகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததற்கு வந்ததும் குரல் தடுமாறியது. ஆனாலும் வாசித்தார்.

"'அம்மா, போஸ்டர் படத்தை ஃபிரண்ட் ஒருத்தி அனுப்பினா. பாத்தேன். அதில இருக்க என் போட்டோ நல்லா இருக்கு. பச்சைத் தாவணி. அது பீரோவில உன் சேலைக்கு அடியில இருந்த போட்டோ. அதை நீதான் எடுத்துக் குடுத்திருப்ப.'"

 ஆவுடையம்மாள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல பதில் எழுத முடியுமா?"

"முடியும்மா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

"ஆமான்னு எழுதுங்க. நாந்தான் குடுத்தேன். நல்ல போட்டோவாக் குடுன்னு கேட்டாவ, எடுத்துக் குடுத்தேன். அதையும் எழுதுங்க."

அக்கா விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அந்த அம்மாள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டேன். வேற?"

ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டேன்னு எழுதுங்க. நீ சாப்பிட்டியான்னு கேளுங்க."

அக்கா எழுதினார். அனுப்புவதற்கு முன்னால், எழுதியது சரிதானா என்று அவருக்கு முதலிலிருந்து ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டினார்.